குணமாகும் தேதி

லோவல் பிட்மனுக்கு விளங்காமல் போனது ஒரே ஒரு விஷயம்தான், அதுவும் சின்ன விஷயம். திங்கட்கிழமை பேஸ்பால் பயிற்சி ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸை அவனிடம் கொடுத்தார்கள். ஒன்பது பந்து வீசி மூன்று பேரை அவுட் ஆக்கிவிட்டு வந்தான். அன்றைக்கே அணியின் வேறு மூன்று வீச்சாளர்களுக்குக் கை போயிற்று. ஒருவனுக்கு முழங்கை, ஒருவனுக்குத் தோள்பட்டை, மூன்றாமவனுக்கு நடுவிரல் நகம். செவ்வாய்க்கிழமை காலையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே மாட்டியிருக்கும் வீச்சாளர் வரிசைப் பலகையைப் பார்த்தான். பதினான்காம் இடத்தில் இருந்த அவன் பதினேழாம் இடத்தில் இருந்தான்.

அவன் இன்னொரு தடவை எண்ணினான். தனக்கு முன்னால் பதின்மூன்று பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேரால் பல் துலக்கக்கூடக் கையைத் தூக்க முடியாது. பதினான்கில் மூன்று போனால் பதினொன்று. லோவல் ஒன்றும் கணக்கில் புலி இல்லை. ஆனால் ஆட்டம் இல்லாத மாதங்களில் ஓக்லஹோமாவில் எனிட் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஏறின பிள்ளைகளையும் இறங்கின பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவான். இதுவரை ஒரு பிள்ளைகூட வண்டியில் மிச்சமானதில்லை.

இந்த இடத்தில் அந்தப் பலகையின் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. பேஸ்பால் ஆட்டத்திலேயே அழகான பகுதி இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஆட்டம் பார்ப்பதில்லை.

ஒரு பெரிய லீக் அணிக்குச் சொந்தமாக நாற்பது பெயர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அந்த நாற்பதில் இருபத்தாறு பேர்தான் ஆட்டத்தன்று சீருடை போட்டு உட்காரலாம். அந்த இருபத்தாறில் வீச்சாளர்கள் அதிகபட்சம் பதின்மூன்று பேர். நாற்பதில் பெயர் இல்லாதவர்களும் முகாமுக்கு வரலாம், விருந்தாளியாக. விருந்தாளிகளுக்கு முதுகில் பெரிய பெரிய எண்ணாகக் கொடுப்பார்கள். லோவலுக்கு எண்பத்தேழு. விருந்தாளியை உள்ளே எடுக்க வேண்டுமானால் நாற்பதில் ஒருவனை விட்டுவிட வேண்டும். விட்டால் மற்ற இருபத்தொன்பது அணிகளில் ஏதாவது ஒன்று அவனை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு அவன் அங்கே போய் நன்றாக ஆடிவிட்டால்? அந்தப் பயத்தில் எந்த அதிகாரியும் யாரையும் விடுவதில்லை.

ஆனால் இந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அறுபது நாளாவது ஆட முடியாத காயக்காரனைத் தனிப் பட்டியலுக்கு மாற்றிவிடலாம். அவனும் கைவிட்டுப் போகமாட்டான், அவன் இடமும் காலியாகும். பதினோரு வருஷமாக லோவல் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசியதில்லை. இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது.

செவ்வாய் மத்தியானம் அவன் மனைவி மார்லா எனிட்டிலிருந்து பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க லோவல். ஆறாம் நம்பர் ரூட்டை வியாழக்கிழமை வரைக்கும்தான் உனக்காக வெச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"எந்த வியாழன்?"

"அடுத்த வாரம் சீசன் தொடங்கற வியாழன்தான். அதுக்குள்ள உன் நாரை டீம் உன்னைச் சேத்துக்கிட்டா சரி. இல்லன்னா இதோட போதும்னு போன வருஷம் நீயே சொன்ன. நான் சொல்லல."

"நான்தான் சொன்னேன்."

"உன் கை எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

அணியின் பெயர் லூயிவில் நாரைகள். வசந்தகாலம் முழுக்க அவர்களுக்கு ஃபுளோரிடாவில் முகாம். வீச்சாளர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் ஓரக் களத்தில் அவர்கள் பந்தைப் பிடித்துக் கொடுப்பது நெல்சன் க்ருயோனின் வேலை. சான்டோ டொமிங்கோக்காரர். இருபது வருஷமாகக் குந்திக் குந்தி முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆட்டத்தில் அவர் பெயர் வராது, பலகையிலும் வராது. ஆனால் அணியில் யார் கை எப்படி இருக்கிறது என்பது அவருடைய இடது உள்ளங்கைக்குத் தெரியும்.

"பதினேழா?" என்று க்ருயோன் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். "பெரிசு, நீ நேத்து ஒன்பது பந்துல மூணு பேரைத் தூக்கினியே, அதான் தப்பு. இன்னும் ரெண்டு பேரைத் தூக்கியிருந்தா இருபதுக்குப் போயிருப்ப."

"விளையாடாதீங்க. மூணு பேருக்குக் கை போச்சு. நான் ஏன் கீழ போறேன்?"

"பலகையில மொத்தம் எத்தனை பேர்?"

"இருபத்திரண்டு."

"இன்னிக்குக் காலையில என் கிளவுஸுக்கு வந்தது பதினொரு பேர். மீதி பதினொரு பேரை நான் பாத்ததே இல்ல. இருக்காங்களான்னு கேட்டா இருக்காங்கன்னு சொல்றாங்க. கடவுளைப் பத்தியும் எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் லோவல் துறைக்கே போய்விட்டான். முகாமில் அந்தப் பலகையைத் தயாரிக்க வீச்சுக் கையிருப்புத் துறை என்று தனியாக ஒன்று இருந்தது. பார்வையாளர் படிகளுக்குப் பின்னால் ஒரு நீளமான டிரெய்லர் வண்டிதான் அதன் அலுவலகம். வெளியே வெயில் முப்பத்தைந்து டிகிரி. உள்ளே ஆறு பேர் கையில்லாத குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறையின் தலைவர் ப்ரெஸ்டன் ஹாலிவெல். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கேடயம் இருந்தது. லீக்கிலேயே ஆழமான வீச்சுக் கையிருப்புக்காக நாரைகள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது.

"உட்காருங்க பிட்மன்," என்றார் ஹாலிவெல். நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். தான் ஏன் கீழே போகிறேன் என்று லோவல் கேட்டான். "நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை நீங்க கேட்டது எனக்குச் சந்தோஷம். ஒரு வீச்சாளருக்குக் காயம் பட்டா நாங்க என்ன பண்றோம்?"

"அவருக்குப் பதிலா அடுத்த ஆளை..."

"பதட்டப்படறதில்ல. அதான் முதல் வேலை. உடனே இன்னொருத்தரை வாங்கறோம். நல்ல நிலையில இருக்கறவரை எவனும் விக்கமாட்டான். அதனால குணமாயிட்டு இருக்கறவரை வாங்கறோம்."

"காயம் பட்டவருக்குப் பதிலா காயம் பட்டவரையா?"

"குணமாயிட்டு இருக்கறவர்," என்று ஹாலிவெல் திருத்தினார். "வித்தியாசம் இருக்கு. பிட்மன், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஆரோக்கியமான வீச்சாளர்கிட்ட ஒரு பெரிய குறை என்னன்னா, அவர் எப்படி வீசுவார்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுது. அதுக்கு மேல கற்பனை பண்ண முடியல. கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கறவர் திரும்பி வந்தா எப்படி வீசுவார்? யாருக்கும் தெரியாது. எல்லையே இல்ல. நாங்க அந்த எல்லையில்லாததைத்தான் சேத்து வெக்கறோம்."

ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"ஆனா சார், போன ஆகஸ்டுல ஒரு நாள் வீசறதுக்கு ஆளே இல்லாம, ஃபீல்டிங் நிக்கற ஷார்ட்ஸ்டாப் வந்து வீசினாரே. பதினேழு ரன் போச்சு."

"அது ஆட்டப் பிரிவோட பிரச்சனை. அன்னிக்கு எங்க கையிருப்பு இருபது. எங்க துறை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு நாள்கூடக் கையிருப்பு குறைஞ்சதில்ல. போன வருஷம் நூத்திரண்டு ஆட்டம் தோத்தோம். நூத்திரண்டு நாளும் நம்மகிட்ட ஆள் இருந்தாங்க. ஒரு அமைப்புக்கு அதைவிடப் பெருமை என்ன வேணும்?"

லோவல் வெளியே வந்து வெயிலில் நின்றான். ஒரு பாதி விளங்கிவிட்டது. ஒரு கை போனால் ஒரு புது ஆள் வருகிறான். புது ஆள் இவனுக்கு மேலே போகிறான். கை போனவனும் மேலேயே இருக்கிறான். ஆக, ஒரு கைக்கு ஒரு படி கீழே. மூன்று கைக்கு மூன்று படி. பதினான்கும் மூன்றும் பதினேழு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. புது ஆள் ஏன் மேலே போகிறான் என்பதுதான் விளங்கவில்லை.

வியாழக்கிழமை இது இன்னும் குழம்பியது. ஹூபர் என்ற இன்னொரு விருந்தாளி, லோவலுக்கு ஐந்து இடம் கீழே இருந்தவன், வீச வந்தால் பந்து எந்த மாவட்டத்தில் விழும் என்று சொல்ல முடியாதவன், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயில் கால் தடுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். மறுநாள் காலை அவன் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தான். லோவல் பதினெட்டு.

"பாத்தியா? உழைச்சா முன்னேறலாம்," என்றார் க்ருயோன்.

ஹூபரின் கணுக்காலை ஈடுகட்ட வெள்ளிக்கிழமையே புது ஆளை வாங்கினார்கள். கார்வின் லஸ்க் என்று பெயர். பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் அவர் நாரைகளின் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். லஸ்கின் வலது கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. இடது கையால் சட்டையின் ஒரு தோளை அவர் பிடிக்க, மறு தோளை ஹாலிவெல் பிடித்தார்.

"அடுத்த வருஷம் ஜூலையில இவர்தான் நம்ம முதுகெலும்பு," என்றார் ஹாலிவெல்.

"இந்த வருஷம் ஜூலையில?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"இந்த வருஷம் ஜூலையில அடுத்த வருஷம் ஜூலைக்குத் தயாராவார்."

லோவல் பத்தொன்பது.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸிலேயே வீச ஆள் தீர்ந்துவிட்டது. நாரைகளின் மேனேஜர் ஆர்லோ கெட்சம் ஓரக் களத்துக்கு போன் போட்டார். க்ருயோன் எடுத்தார்.

"யார் இருக்கா?"

"பிட்மன்."

"வேற?"

"பிட்மனோட தண்ணி பாட்டில்."

"நெல்சன், என் கையில பட்டியல் இருக்கு. இருபத்து மூணு பேர் போட்டிருக்கு."

"என் கண்ணுல பெஞ்ச் இருக்கு பாஸ். ஒருத்தன் உக்காந்திருக்கான்."

லோவல் போய் நான்கு இன்னிங்ஸும் வீசினான். கடைசி பேட்ஸ்மேன் அவுட் ஆனதும் கெட்சம் வந்து அவன் தோளில் கை வைத்தார். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. என் கையில இருந்தா நாளைக்கே சேப்பேன். என் கையில என்ன இருக்கு? நான் மேனேஜர்தானே." சொல்லிவிட்டு இரண்டு விதையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு விடுமுறை. லோவல் மட்டும் மைதானத்துக்கு வந்தான். தண்ணீர் தெளிக்கும் குழாய் புல்லுக்கு வெளியே நாலு விரல் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவன் வெகுநேரம் நின்றான். பெரிய அடி வேண்டாம். லேசாகத் திரும்பினால் போதும், ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிற மாதிரி. ஒரு காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கூடப் பார்த்தான். பதினோரு வருஷம் இந்தக் காலை ஐஸில் வைத்து, எண்ணெய் தேய்த்து, படியில் இறங்கும்போதுகூடப் பார்த்துப் பார்த்து இறங்கியிருக்கிறான். ஒரு மடையன் விழுந்த இடத்தில் போய் விழ அந்தக் கால் சம்மதிக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில், உடை மாற்றும் அறைக்கு வெளியே பலகையில் காந்தங்களை மாற்றிக்கொண்டிருந்தாள் டோரீன் ஸ்வாப். துறை ஆரம்பிப்பதற்கு முன்னாலிருந்தே அலுவலகத்தில் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். லோவல் அவளுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு பக்கத்திலிருந்து பலகையை அவன் பார்த்தது அன்றைக்குத்தான். மேலே பத்து பேருக்குத் தங்க நிறத்தில் ஒரு சட்டம். நீண்ட ஒப்பந்தக்காரர்கள், கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான் இருப்பார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் பச்சை மையில் பொடியாக ஒரு தேதி. ஹூபர், ஏப்ரல் 9. இன்னொருவன், மே 20. கார்வின் லஸ்க், அடுத்த ஆண்டு ஜூலை. வரிசை அந்தத் தேதிப்படியே இறங்கியது. லோவலின் பெயருக்கு அடியில் ஒன்றுமில்லை. அவனுக்குக் கீழே இருந்த நான்கு பேருக்கும் ஒன்றுமில்லை. அந்த நான்கு பேரும் தினம் க்ருயோனுக்கு வீசுகிறவர்கள்.

"டோரீன், இது என்ன தேதி?"

"அதுவா? அந்தப் பிள்ளை என்னிக்கு வீசத் தயாராகும்கிற தேதி. சீக்கிரம் தயாராகறவங்க மேல. லேட்டா ஆகறவங்க கீழ."

"தேதி இல்லாதவங்க?"

"எப்பத் தயாராவாங்கன்னே தெரியாதவங்க. பாவம், என்ன பண்றது? அவங்களைக் கடைசியில வெக்கச் சொல்லி உத்தரவு."

லோவல் ஏணியை விட்டுவிட இருந்தான். "டோரீன், நான் இன்னிக்கே வீசுவேன். சனிக்கிழமை நாலு இன்னிங்ஸ் வீசினேன்."

"நான் பாத்தேனே கண்ணு. ரொம்ப நல்லா வீசினே."

"அப்புறம் நான் ஏன் கடைசியில இருக்கேன்?"

டோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவளை இந்தப் பலகையைப் பற்றி யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. "மருத்துவப் படிவத்துல ஏழாம் கட்டத்துல நீ ஒண்ணும் எழுதலையேப்பா. 'மீண்டும் வீசத் தயாராகும் நாள்'னு இருக்கும். காயம் பட்டவங்க எல்லாரும் எழுதறாங்க. நல்லா இருக்கறவங்க, நமக்கெதுக்குன்னு காலியா விட்டுடறாங்க. அங்க டிரெய்லருக்குள்ள இருக்கறதுங்களுக்குக் காலின்னா காலிதான். அதுங்க மைதானத்துப் பக்கம் வர்றதில்லையே."

"இப்ப எழுதலாமா?"

"தினம் எழுதலாம். படிவம் என் மேஜையிலதான் கிடக்கு."

படிவத்தில் லோவல் ஒரு பொய்கூட எழுதவில்லை. நாலாம் கட்டத்தில் பழைய சிகிச்சை எதுவும் உண்டா என்று கேட்டிருந்தது. வலது முழங்கை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், என்று எழுதினான். ஆறாம் கட்டத்தில் இப்போதைய வலி என்ற இடத்தில் இல்லை என்று எழுதினான். ஏழாம் கட்டத்தில் கொஞ்சம் யோசித்தான். இன்றைய தேதியைப் போடத்தான் கை போயிற்று. டோரீன் தலையை ஆட்டினாள்.

"இன்னிக்குத் தேதி போட்டா நாளைக்கு அது முடிஞ்சுபோன தேதி. வரிசையிலேர்ந்து எடுத்துடுவாங்க. இனி வரப்போற நாளாப் போடு."

வியாழக்கிழமை என்று எழுதினான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பதினோராம் இடத்தில் இருந்தான். தங்கச் சட்டத்துக்கு நேர் கீழே, முதல் ஆள். டிரெய்லருக்குள் ஒரே பரபரப்பு. ஆறு குளிர்ச்சட்டைகளும் எழுந்து நின்றுகொண்டிருந்தன. கையிருப்பில் இவ்வளவு சீக்கிரமாகக் குணமாகும் வீச்சாளர் துறையின் வரலாற்றிலேயே கிடையாதாம்.

"பிட்மன்!" ஹாலிவெல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "ஏன் இதை முதல்லயே சொல்லல? முழங்கை சிகிச்சைக்கு அப்புறம் திரும்பி வர்றவர் நம்ம முகாம்லயே இருந்திருக்கார், எங்களுக்குத் தெரியல! வியாழக்கிழமை தயாராயிடுவீங்கதானே? உறுதியா?"

"உறுதியா சார். புதன்கிழமையே முடியும்."

"வேண்டாம், வேண்டாம், அவசரப்படுத்தக் கூடாது. இந்த மாதிரி சமயத்துலதான் நாங்க தப்புப் பண்றோம்."

நாற்பதில் இடம் வேண்டுமே. இத்தனை நாள் சாத்தியிருந்த கதவை ஹாலிவெல் ஒரே கையெழுத்தில் திறந்தார். கார்வின் லஸ்கை அறுபது நாள் பட்டியலுக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் லோவல் பிட்மனின் பெயரை எழுதினார். ஆரோக்கியமான ஒருவனுக்காக அதைச் செய்திருந்தால் துறைக்குள் கேள்வி வந்திருக்கும். குணமாகி வருகிறவனுக்காகச் செய்ததால் கை தட்டினார்கள்.

புதன்கிழமை பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். லோவல் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, படம் எடுப்பவர் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

"இந்த மீள்வரவு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?" என்று ஒரு பெண் நிருபர் கேட்டாள்.

"கஷ்டமே இல்லைங்க. எனக்கு ஒண்ணுமே வலிக்கல."

"என்ன ஒரு மன உறுதி!" என்று ஹாலிவெல் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இதைத்தான் நாங்க பல வருஷமாச் சொல்லிட்டு வர்றோம். பொறுமையா இருந்தா கையிருப்பு பலன் குடுக்கும். இன்னிக்கு நம்மகிட்ட இருபத்து மூணு வீச்சாளர்கள் இருக்காங்க. அதுல ஒருத்தர் நாளைக்கு வீசப்போறார்."

வியாழக்கிழமை லூயிவிலில் நல்ல குளிர். மத்தியானத்துக்கு முன்னால் பட்டியல் லீக்குக்குப் போயிற்று. சமோசாவைப் போல முக்கோணமாக மடித்துவைத்த கொடிகள் மேலே ஏறின, இசைக்குழு வாசித்தது, ஹாலிவெல் தன் கண்ணாடி அறையிலிருந்து கையசைத்தார். ஏழாவது இன்னிங்ஸில் நாரைகள் ஒரு ரன் முன்னால் இருந்தபோது, வீச்சு மேட்டில் நின்ற தங்கச் சட்டத்து வீச்சாளர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஓரக் களத்தில் போன் அடித்தது.

"யார் இருக்கா?" என்றார் கெட்சம்.

"பிட்மன்."

"வேற?"

"பாஸ், வேற யாரும் வேண்டாம்," என்று க்ருயோன் போனை வைத்தார். தன் கிளவுஸைக் கழற்றி, சிவந்து கிடந்த இடது உள்ளங்கையை லோவலிடம் காட்டினார். "இது சொல்லுது. போ பெரிசு."

எண்பத்தேழு என்ற எண்ணோடு ஒருவன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவதைப் பார்த்துக் கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். எனிட்டில் மார்லா தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தாள். உட்கார மறந்துவிட்டாள். பதினோரு பந்து போயிற்று. மூன்று பேர் அவுட். மூன்றாமவன் மட்டையை வீசிக் காற்றை அடித்தபோது சிரித்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மார்லா பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு ஆறாம் நம்பர் ரூட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

மறுநாள், பலகையில் தேதியில்லாமல் லோவலுக்குக் கீழே இருந்த அந்த நான்கு பேரும் முகாமிலிருந்து லோவலுக்கு போன் போட்டார்கள். எப்படி மேலே போனாய், யாரைப் பிடித்தாய், எங்கே விழுந்தாய் என்று கேட்டார்கள். அவன் ஒளிக்காமல் சொன்னான். எங்கேயும் விழ வேண்டாம். டோரீன் மேஜையில் மருத்துவப் படிவம் இருக்கிறது. கை நன்றாக இருக்கிறவன் அதில் ஏழாம் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. அடுத்த ஆட்டம் என்றைக்கோ, அந்தத் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும்.